புதிய ஃப்ளூ, பழைய பீதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கோ ஒரு புதிய ஃப்ளூ வைரஸ் தலைகாட்டியதும் தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கிவிடும். கைபேசியில் குரல்பதிவுகள் வந்து குவியும். அந்த நாட்களில் மக்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். முன்பு நடந்தவற்றை வைத்து அவற்றுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதுதான் ஓடுகிறது. ஆபத்து அவ்வளவு பெரிதா?

செய்தி ஓடும் நேரத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. செய்திக்கு வேண்டியது புதுமை. ஆண்டுதோறும் வந்துபோகும் சாதாரண ஃப்ளூவால் உலகம் முழுக்க 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை மூச்சுக்கோளாறு முற்றி இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அது முதல் பக்கத்துக்கு வருவதில்லை. போன வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான் என்பதே காரணம்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரபரப்பு உச்சத்தில் இருந்தபோது, சுவீடனைச் சேர்ந்த பொதுச்சுகாதாரப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 13 நாட்களில் அந்தக் காய்ச்சலால் இறந்தவர்கள் 31 பேர். அதைப் பற்றி இணையத்தில் அகப்பட்ட செய்திகள் 2,53,442. அதே 13 நாட்களில் காசநோயால் இறந்தவர்கள் சுமார் 63,000 பேர், செய்திகள் 6,501. ஒரு நோய்க்கு ஒரு சாவுக்கு எட்டாயிரம் செய்தி. இன்னொரு நோய்க்குப் பத்துச் சாவுக்கு ஒரு செய்தி.

கணக்கு சுருக்கென்று தைக்கிறது. ஆனாலும் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காசநோய் அடுத்த மாதம் ஏறக்குறைய எத்தனை பேரைக் கொல்லும் என்று முன்கூட்டியே தெரியும். புதிய வைரஸ் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. இதுவரை இறந்தவர்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் செய்தி வரவேண்டும் என்றால், எச்சரிக்கை எப்போதும் காலம் கடந்தே வரும். ஆகவே நிறையச் செய்தி வருவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தை எதைச் சொல்லி நிரப்புகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

‘இறப்பு விகிதம் 50 சதவீதம்’ என்கிறார்களே? பிடித்தவர்களில் பாதிப்பேர் பிழைக்கமாட்டார்களா?

பீதிச் செய்திகளில் அதிகம் ஏமாற்றுவது இந்த ஓர் எண்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இறப்பு விகிதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இறந்தவர்கள், கீழே நோய் பிடித்தவர்கள். மேலே இருப்பதை எண்ணுவது ஓரளவு எளிது. கீழே இருப்பதை யார் எண்ணுவது? இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து, கஞ்சி குடித்து, எழுந்து வேலைக்குப் போனவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்கு வந்து, மாதிரி எடுக்கப்பட்டு, ஆய்வகம் உறுதிசெய்தவர்தான் ‘நோயாளி’ என்ற கணக்குக்குள் வருகிறார். முதல் வாரங்களில் எண்ணப்படுபவர்கள் எல்லாம் ஏற்கெனவே மோசமான நிலையில் இருப்பவர்கள். அவர்களில் பலர் இறப்பதில் வியப்பில்லை.

எச்5என்1 பறவைக் காய்ச்சலைப் பாருங்கள். 2003 முதல் உலகம் முழுவதும் 900-க்கு மேற்பட்ட மனிதத் தொற்றுகள் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். ‘50 சதவீதம்’ பிறந்தது இங்கேதான். 2024-இல் அதே எச்5என்1 குடும்பத்து வைரஸ் அமெரிக்கக் கறவை மாடுகளிடையே பரவியது. பண்ணை ஊழியர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். 70 பேர் அளவில் தொற்று தெரிந்தது. பெரும்பாலோருக்குக் கண் சிவந்து, லேசான காய்ச்சலோடு போனது. லூசியானா மாநிலத்தில் ஒருவர் 2025 ஜனவரியில் இறந்தார்; அவருக்குத் தொற்று வந்தது பறவைகளிடமிருந்து. வைரஸின் கிளைகளும் அது தொற்றிய விதமும் வேறு என்பதால், இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் நோயாளி வரும்வரை காத்திருந்து எண்ணினால் ஓர் எண், தேடிப்போய் எண்ணினால் வேறோர் எண் என்பது மட்டும் தெளிவு.

2009 ஏப்ரலில் மெக்சிகோவில் நடந்ததும் இதே கதை. 150-க்கு மேற்பட்ட சாவுகள் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அவை ‘சந்தேகத்துக்குரிய’ சாவுகள். ஆய்வகம் அந்தச் சமயத்தில் உறுதிசெய்திருந்தவை ஏழு. அந்த ஒற்றைச் சொல்லைத் தலைப்பில் சேர்க்க இடமில்லாமல் போய்விட்டது.

அப்படியானால் முதலில் வரும் எண்கள் எல்லாம் ஊதிப் பெரிதாக்கியவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது பீதியைத் தலைகீழாக்கிப் போட்டுக்கொள்வது.

அதே 2009 பெருந்தொற்றில் ஆய்வகச் சோதனையில் உறுதியான சாவுகள் சுமார் 18,500. ‘இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று உலகம் உதட்டைப் பிதுக்கியது. பின்னால், சோதிக்கப்படாமல் இறந்தவர்களையும் கணக்கில் கொண்டுவந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தலைமையில் மதிப்பிட்டபோது, முதல் ஓராண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் வரை இருக்கலாம் என்று தெரிந்தது. அவர்களில் சுமார் 80 சதவீதம் 65 வயதுக்குக் கீழானவர்கள். வழக்கமான ஃப்ளூ பெரும்பாலும் முதியவர்களைத்தான் கொண்டுபோகும். இது இளையவர்களையும் நடுவயதுக்காரர்களையும் எடுத்துக்கொண்டது. அந்த மதிப்பீடு வெளிவந்த 2012-இல் சேனல்கள் வேறு எங்கோ போய்விட்டிருந்தன.

‘புதிய வகை’ என்றால் ஏன் விஞ்ஞானிகளே கலங்குகிறார்கள்?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். ‘எச்’ (H) என்பது உயிரணுவுக்குள் நுழைய உதவுவது. ‘என்’ (N) என்பது பெருகிய வைரஸ் வெளியேற உதவுவது. எச்1என்1, எச்5என்1 என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. ஆண்டுக்காண்டு இந்தப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறுகின்றன. அதனால்தான் தடுப்பூசியையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அது வழக்கமான மாற்றம். நம் உடலுக்குப் பழைய நினைவு கொஞ்சம் கைகொடுக்கும்.

எப்போதாவது வேறொன்று நடக்கும். ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே விலங்கின் உடலில் இரண்டு வகை வைரஸ்கள் ஒரே சமயத்தில் புகுந்தால் இந்தத் துண்டுகள் கலந்து, யாருடைய உடலும் பார்த்திராத ஒன்று பிறக்கலாம். 1957-இல் எச்2என்2, 1968-இல் எச்3என்2 இப்படித்தான் வந்தன. ஒவ்வொன்றும் சுமார் பத்து லட்சம் உயிர்களைக் குடித்தது. விஞ்ஞானிகளின் கலக்கம் இதனால்தான். ஆனால் விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுவது ஒன்று. மனிதனிலிருந்து மனிதனுக்குத் தடையில்லாமல் பரவுவது இன்னொன்று. முதலாவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது மிக அரிது. செய்திகளில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனமே ‘பெருந்தொற்று’ என்று அறிவித்தால் பயப்படத்தானே வேண்டும்?

அந்தச் சொல் பரவலைக் குறிக்கிறது, கொடுமையைக் குறிக்கவில்லை. 2009 ஜூன் 11 அன்று, பல கண்டங்களில் சமூகப் பரவல் நடக்கிறது என்ற அடிப்படையில், எச்சரிக்கை அளவுகோலின் உச்சமான ஆறாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு நோய் மிதமாகவே வருகிறது என்று நிறுவனம் அன்றே சொன்னது. திரையில் நின்றது முதல் பாதி மட்டும்.

இது பின்னால் பெரிய சண்டையானது. மருந்து நிறுவனங்களுக்கு ஆதாயம் தேடித்தரவே அறிவித்தார்கள் என்று 2010-இல் ஐரோப்பிய அவையில்கூடக் குற்றச்சாட்டு எழுந்தது. ஹார்வி ஃபைன்பெர்க் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 2011-இல் முறைகேடு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்றது. ஆனால் நோயின் கடுமையை அளந்து சொல்லாமல் பரவலை மட்டும் வைத்துக் கட்டம் பிரித்ததையும், ஆலோசனைக் குழுவினரின் பெயர்களை நீண்ட நாள் மறைத்து வைத்ததையும் குறை கூறியது. பெயர்களை மறைத்தது சந்தேகத்துக்குத் தீனி போட்டதுதான். அந்தக் குறையை மழுப்பத் தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் 1918-ஐ இழுக்கிறார்களே, அது நியாயமா?

பாதி நியாயம். 1918-இல் வந்த எச்1என்1 சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றிருக்கும் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அப்படி ஒன்று மறுபடி வரவே வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது. ஆனால் அன்று இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது வைரஸுக்குப் பின்னால் நுரையீரலில் புகுந்த பாக்டீரியா நிமோனியா. அதற்கு அன்று ஆன்டிபயாட்டிக் இல்லை. ஃப்ளூ தடுப்பூசி இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே தெரியாது. ஒப்பிடுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, பீதி பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். 1918-இல் ஊடகம் செய்த தவறு பீதி கிளப்பியதல்ல, வாயை மூடிக்கொண்டது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மக்களின் மன உறுதி குலையக்கூடாதென்று போரிட்ட நாடுகள் செய்தியை அடக்கின. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் எழுதின. மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ படுத்ததையும் எழுதின. அதற்குப் பரிசாக நோய்க்கே ஸ்பெயினின் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், நோய் பரவுகிறது என்று மருத்துவர்கள் எச்சரித்தும், 1918 செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரங்களுக்கான பேரணி நடந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் தெருவில் கூடினார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. கூட்டங்களுக்கு முன்கூட்டியே தடைபோட்ட செயின்ட் லூயிஸ் நகரத்தில் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது.

‘மக்களைப் பயமுறுத்தாதீர்கள்’ என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரணிதான் நினைவுக்கு வரும்.

நிபுணர்கள் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்களே?

தகவல் மாறினால் பதிலும் மாறத்தான் வேண்டும். நேற்றைய பதிலை எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்பதே பிரச்சினை. ‘இப்போதைக்குத் தெரிந்தவரை’ என்று சொல்லி ஆரம்பிப்பவரை நம்பலாம். எல்லாம் தெரிந்தவர்போல் தினமும் நான்கு விவாதங்களில் உட்காருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நோயின் பெயரில் பன்றி, பறவை என்று வருகிறதே. இறைச்சி சாப்பிட்டால் தொற்றுமா?

நன்றாக வேகவைத்த இறைச்சியாலும் முட்டையாலும் ஃப்ளூ தொற்றாது. நோயுற்ற பறவைகளையோ விலங்குகளையோ கையாளுவதும், காய்ச்சாத பால் குடிப்பதும்தான் தவிர்க்கவேண்டியவை.

பெயர் செய்த கெடுதலுக்கு எகிப்தைச் சொல்லலாம். 2009 ஏப்ரல் இறுதியில், நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லாதபோதே, இருந்த சுமார் மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. வைரஸ் அப்போது மனிதர்களுக்கிடையேதான் பரவிக்கொண்டிருந்தது. பன்றிகளைக் கொல்வதால் பயனில்லை என்று சர்வதேச அமைப்புகள் சொல்லியும் கேட்கவில்லை. கெய்ரோவில் வீடுவீடாகக் குப்பை அள்ளும் ஸபாலீன் மக்கள் உணவுக்கழிவை அந்தப் பன்றிகளுக்குத்தான் போட்டுவந்தார்கள். அவர்கள் பிழைப்பும் போனது. தெருக்களில் குப்பையும் மலையாகக் குவிந்தது. ஆப்கானிஸ்தானிலோ நாட்டிலேயே ஒரே ஒரு பன்றிதான் இருந்ததாகத் தெரிகிறது. அது காபூல் மிருகக்காட்சி சாலையில் இருந்தது. பார்வையாளர்கள் பயந்ததால் அதையும் தனிமைப்படுத்திவிட்டார்கள்.

2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு ஊர், விலங்கு, மனிதர் பெயர்களை வைக்க வேண்டாம் என்று வழிமுறை வகுத்தது இந்த மாதிரி அனுபவங்களால்தான்.

பீதிக்கு ஊடகம் மட்டும்தான் காரணமா?

இல்லை. பழியைப் போட வசதியான இடம் அது, அவ்வளவே. 2009 ஏப்ரல் 30 அன்று அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன், தன் குடும்பத்தாரை விமானம், சுரங்க ரயில் போன்ற அடைசலான இடங்களுக்குப் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று தொலைக்காட்சியில் பேசிவிட்டார். அவருடைய அலுவலகம் அன்றே விளக்கம் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இயந்திரங்களும் ஏமாந்திருக்கின்றன. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்க கூகுள் 2008-இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன அளவு, அமெரிக்க அரசின் கணக்கைப்போல ஏறக்குறைய இருமடங்காகப் போனது. செய்திகளைப் பார்த்துப் பயந்த, காய்ச்சலே இல்லாத ஆட்களும் தேடித்தேடி எண்ணை ஏற்றிவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2015-இல் திட்டம் மூடப்பட்டது. நோயை அளப்பதாக நினைத்துப் பயத்தை அளந்திருக்கிறார்கள்.

பீதியால் உண்மையிலேயே கெடுதல் உண்டா? எச்சரிக்கையாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

எச்சரிக்கை நல்லது, பீதிக்கு விலை உண்டு. 2009 வசந்தத்தில் அமெரிக்காவில், நோய் இன்னும் எட்டிப்பாராத ஊர்களிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கூட்டம் பிதுங்கியது. உண்மையான நெஞ்சுவலிக்காரர் அந்த வரிசையில்தான் நிற்கவேண்டும். வீட்டில் பதுக்கிய ஃப்ளூ மாத்திரை வேண்டியவருக்குக் கிடைக்காது.

அரசுகளும் அவசரப்படும். 1976 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு இளம் வீரர் பன்றி ஃப்ளூவால் இறந்தார். 1918 திரும்புகிறதோ என்ற அச்சத்தில் அதிபர் ஃபோர்டு நாடு முழுக்கத் தடுப்பூசி போடும் திட்டத்தை அறிவித்தார். அக்டோபரில் ஊசி போடத் தொடங்கிய சில நாட்களில், பிட்ஸ்பர்க்கில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். பத்திரிகைகள் நாள்தோறும் சாவு எண்ணத் தொடங்கின. அந்த வயதில் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்டால், ஊசியோடு தொடர்பே இல்லாமல் சிலர் மறுநாள் இறக்கத்தான் செய்வார்கள் என்ற விளக்கம் அந்தப் பரபரப்பில் எடுபடவில்லை. கடைசியில் வேறொரு உண்மையான சிக்கல் தெரிந்தது: நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கீயன்-பாரே என்ற நோய், ஊசி போட்டுக்கொண்ட ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டுவிட்டார்கள். வைரஸ் அந்த முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. முதலில் நோயைக் கண்டு பீதி. பிறகு தடுப்பூசியைக் கண்டு பீதி. இரண்டாவதுதான் நெடுநாள் நீடித்தது.

ஒரு புதிய ஃப்ளூ செய்தியில் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

முதலில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதா என்று பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் அது போதிய சான்றல்ல. இருவரும் ஒரே கோழியைத் தொட்டிருக்கலாம். தொடர்பே இல்லாத ஆட்களுக்கு, சங்கிலிபோல் மூன்றாம் நான்காம் ஆள்வரை போகிறதா என்பதே கேள்வி. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முதலாக மனிதர்களைத் தாக்கியபோது 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். பயங்கரமான விகிதம். ஆனால் சங்கிலி நீளவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் கொன்றதும் அந்தப் பரவல் நின்றுபோனது.

அடுத்தது, எண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. சந்தேகமா, உறுதியா? மருத்துவமனைக்கு வந்தவர்களா, ஊரில் தேடிக் கண்டவர்களா? எந்த வயதினர்? பிறகு வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கூடும்’, ‘வாய்ப்புள்ளது’, ‘அஞ்சப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களை மட்டும் எடுத்துவிட்டால் செய்தியில் எத்தனை வரி மிஞ்சுகிறது? சில நாட்களில் ஒன்றுமே மிஞ்சாது.

வாட்ஸ்அப்பில் வரும் ‘மருத்துவர் குரல்பதிவு’?

பேசுபவர் யார், எங்கே வேலை செய்கிறார், எந்தத் தேதியில் பேசினார் என்ற மூன்றும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். பகிர்ந்துவிட்டு விசாரிக்க வேண்டாம்.

சரி, நான் என்ன செய்யட்டும்?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சலும் இருமலும் இருந்தால் வெளியே போகாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் முகக்கவசம் அணியுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆண்டுத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஓசெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன். மருத்துவர் சொல்லாமல் எடுக்கவும் வேண்டாம், அலமாரியில் சேர்த்து வைக்கவும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ வந்த குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம் பாய்தல், தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது ‘எல்லாம் ஊடகப் பீதி’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இப்போது செய்தியே இல்லை. ஆபத்து போய்விட்டதா?

செய்தி போய்விட்டது, அவ்வளவுதான். 2009-இல் அமெரிக்காவில் தடுப்பூசி அக்டோபர் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கியது. இரண்டாம் அலை அந்த மாத இறுதியில் உச்சம் தொட்டது. மக்கள் வரிசையில் நின்றபோது ஊசி இல்லை. ஊசி தாராளமாக வந்தபோது சேனல்கள் நகர்ந்துவிட்டன, வரிசையும் கலைந்துவிட்டது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் காலாவதியாகி ஒதுக்கப்பட்டவை சுமார் 4 கோடி டோஸ்கள். அந்த வைரஸ் எங்கும் போகவில்லை. அதன் வாரிசுகள் சாதாரணப் பருவ ஃப்ளூவாக இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுத் தடுப்பூசியில் அவற்றுக்கென்று இன்றும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது.